உருகணுமா, இழுக்கணுமா, அப்படியே நிக்கணுமா? எந்த சமையலுக்கு எந்த சீஸ்

ஸ்கூல் லீவுக்கு அக்கா பசங்க வீட்டுக்கு வந்திருந்தப்ப பேக்டு பாஸ்தா வேணும்னு கேட்டாங்க. ஃப்ரிட்ஜ்ல இருந்த பிராசஸ் சீஸை நிறைய துருவி மேல தூவி ஓவன்ல வெச்சேன். வெளிய எடுத்தா மேல தோல் மாதிரி காஞ்சு போய் அங்கங்க கருகியிருக்கு, ஃபோர்க்ல தூக்கினா ஒரு நூல் கூட வரல. சரி நல்ல சீஸ் வாங்கலன்னு நெனச்சு அடுத்த வாரம் காசு ஜாஸ்தி குடுத்து தண்ணில மிதக்கற ஃப்ரெஷ் மொசரெல்லா உருண்டை வாங்கி அதையே பிச்சு போட்டேன், இந்த தடவை தட்டு ஃபுல்லா தண்ணி நின்னுடுச்சு, பாஸ்தா கஞ்சில ஊறினது மாதிரி ஆயிடுச்சு. ரெண்டுமே நல்ல சீஸ்தான். ரெண்டுமே அந்த வேலைக்கான சீஸ் இல்ல.

அப்புறம்தான் உக்காந்து ஒவ்வொரு சீஸா வாங்கி, ஒரே தோசை, ஒரே டோஸ்ட், ஒரே பாஸ்தான்னு போட்டு பாக்க ஆரம்பிச்சேன். கடைல சீஸ் ரேக் முன்னாடி நிக்கறப்ப "எது நல்ல சீஸ்"னு கேக்கறதுல பிரயோஜனம் இல்ல, "இந்த சாப்பாட்டுல சீஸ் என்ன பண்ணணும்"னு கேட்டா பாதி குழப்பம் தீந்துடும். நூலா இழுக்கணுமா, குழம்பு மாதிரி கரைஞ்சு எல்லாத்துலயும் ஒட்டணுமா, துண்டு துண்டா அப்படியே நிக்கணுமா, இல்ல வெறும் வாசனையும் உப்பும் குடுத்தா போதுமா. ஒரே சீஸ் இந்த நாலையும் பண்ணாது.

ஏன் பண்ணாதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா ரெசிபி இல்லாமலேயே நாமே முடிவு பண்ணிடலாம். பால்ல கேசீன்னு ஒரு புரதம் இருக்கு, அது ஒண்ணோட ஒண்ணு கைகோத்து நிக்க கால்சியம்தான் பிடிமானம். ரென்னெட்னு ஒரு நொதியை ஊத்தி உறைய வெக்கற சீஸ்ல, மொசரெல்லா, செடார், கௌடா எல்லாம் இந்த வகை, சூடு பட்டா அந்தப் பிடி தளரும், புரதம் வழுக்கிக்கிட்டு நகரும், அதைத்தான் நாம உருகுதுன்னு சொல்றோம். பனீர் அப்படி இல்ல. கொதிக்கற பால்ல எலுமிச்சை புழிஞ்சு திரிக்கறோம் இல்லையா, அந்தப் புளிப்பு கால்சியத்தை வெளிய எடுத்துடும், கூடவே பாலை அவ்ளோ சூடு பண்ணினதால மோர்த்தண்ணில போக வேண்டிய புரதமும் கேசீனோட சேந்து ஒட்டிக்கும். அதுக்கு மேல எவ்ளோ சூடு காட்டினாலும் அது உருகாது, தண்ணி வெளிய போய் இறுகும், அவ்ளோதான். பனீர் பட்டர் மசாலால துண்டு துண்டா நிக்கறதும், அதே பனீரை பீட்சா மேல சீஸுக்கு பதிலா போட்டா அப்படியே வறண்டு உக்காந்திருக்கறதும் ஒரே காரணத்தாலதான்.

முதல்ல தோசை, ஏன்னா நம்ம வீடுகள்ல சீஸ் அதிகமா போறது அதுலதான். இதுல போட்டி பிராசஸ் சீஸுக்கும் மொசரெல்லாவுக்கும். நம்ம ஊர்ல சீஸ்னு சொன்னாலே மனசுல வர்றது பிராசஸ் சீஸ்தான், அந்த கட்டி, கியூப், ஸ்லைஸ் எல்லாம். செடார் மாதிரி சீஸை அரைச்சு, சிட்ரேட் இல்லன்னா பாஸ்பேட் உப்பு சேத்து சூடு பண்ணி திரும்ப கட்டியாக்கறது. 1911ல சுவிட்சர்லாந்துல வால்டர் கெர்பரும் ஃப்ரிட்ஸ் ஸ்டெட்லரும் இதை கண்டுபிடிச்சாங்க, சீக்கிரம் கெடாத சீஸ் வேணும்கறதுதான் நோக்கம். அந்த உப்பு கால்சியத்தை பிடிச்சு இழுத்துக்கறதால புரதமும் கொழுப்பும் பிரியாம வழவழன்னு ஒண்ணா இருக்கும். ஆனா நீள நீளமான புரத இழை அதுல இருக்காது, அதனால இழுவை வராது. மொசரெல்லால நேரெதிர், தயிர்க்கட்டி மாதிரி உறைஞ்சதை சுடுதண்ணில போட்டு மாவு பிசையற மாதிரி பிசைஞ்சு இழுத்து இழுத்துதான் அதை செய்யறாங்க, அந்த இழைதான் பீட்சால நூலா வருது.

தோசைல ரெண்டையும் பக்கத்து பக்கத்துல போட்டு பாத்தேன். கல்லுல இருந்து எடுத்த உடனே சாப்பிட்டா மொசரெல்லா தோசைதான் ஜெயிக்குது, பிச்சா நூல் வருது, பசங்க கண்ணு விரியுது. ஆனா தோசை மெல்லிசு, தட்டுக்கு வந்து ரெண்டு மூணு நிமிஷத்துல ஆறிடும், ஆறின மொசரெல்லா சவக் சவக்னு ரப்பரா ஆயிடும், அதுக்குன்னு தனியா ருசியும் பெருசா கிடையாது, வெறும் பால் வாசனைதான். பிராசஸ் சீஸ் நூல் விடாது ஆனா மாவோட சேந்து உருகி, உப்பும் லேசான புளிப்புமா ஆறினாலும் மெத்துனு இருக்கு. அதனால என் கணக்கு இதுதான், உடனே சாப்பிடற தோசைன்னா பாதி மொசரெல்லா பாதி பிராசஸ், டிபன் பாக்ஸுக்குன்னா முழுசா பிராசஸ், அதுல மொசரெல்லா வேண்டவே வேண்டாம், மதியம் பன்னெண்டரைக்கு அந்தக் குழந்தை கையில என்ன இருக்கும்னு யோசிச்சு பாருங்க.

போடற முறையும் முக்கியம். மாவு ஊத்தின உடனே சீஸ் தூவாதீங்க, மேல ஈரம் வத்தி அடி சிவக்க ஆரம்பிச்சதும் தீயை குறைச்சு, இட்லிப்பொடியோ வெங்காயமோ முதல்ல, அதுக்கு மேல சீஸ். துருவல் மெல்லிசா இருக்கணும், கியூபை கத்தில துண்டு போட்டா அடி கருகற வரைக்கும் அது உருகாது. ஒரு தோசைக்கு ஒரு கியூப் தாராளம். பிராசஸ் சீஸ்ல உப்பு ஜாஸ்தி, பொடிலயும் உப்பு இருக்கு, ஏற்கனவே மாவுலயும் போட்டிருப்போம், அதனால சீஸ் தோசைக்கு சட்னில உப்பு கொஞ்சம் கம்மியா போடுங்க. பிபி இருக்கற பெரியவங்க வீட்டுல இருந்தா இதை கண்டிப்பா கவனிக்கணும்.

பீட்சாவுக்கு வருவோம். இங்க பதில் சந்தேகமே இல்லாம மொசரெல்லா, ஆனா எந்த மொசரெல்லாங்கறதுலதான் நான் மேல சொன்ன மாதிரி மாட்டினேன். பாக்கெட்ல கட்டியாவோ சின்ன சின்ன சதுரமாவோ வர்றது தண்ணி கம்மியானது, வீட்டு ஓவனுக்கு அதுதான் சரி. தண்ணில மிதக்கற வெள்ளை உருண்டைல பாதிக்கு மேல ஈரம்தான். அப்ப இத்தாலில பீட்சாவுக்கு பேர்போன நேப்பிள்ஸ்ல அதைத்தானே போடறாங்கன்னு கேப்பீங்க. அங்க விறகு அடுப்பு 430 டிகிரிக்கு மேல கொதிக்கும், பீட்சா 60ல இருந்து 90 செகண்ட்ல வெளிய வந்துடும், தண்ணி கசிஞ்சு ஓட நேரமே கிடைக்காது, கசிஞ்சதும் அந்த அனல்ல ஆவியாயிடும். நம்ம வீட்டு ஓடிஜி, அதாவது சின்ன கரண்ட் ஓவன், 230, 250 டிகிரில பத்து பன்னெண்டு நிமிஷம் எடுக்கும், அதுக்குள்ள உருண்டைல இருக்கற தண்ணி எல்லாம் மாவுல இறங்கிடும். ஆசையா இருந்தா பிச்சு ஒரு பருத்தி துணில போட்டு ஃப்ரிட்ஜ்ல ஒரு மணி நேரம் வடிய விட்டு, முக்கால்வாசி வெந்ததும் போடுங்க.

ஓவன் இல்லாம தவாலயே பீட்சா பண்றவங்க நிறைய பேர் இருக்கீங்க, அடி கருகுது மேல சீஸ் உருகலன்னு சொல்றது வழக்கம். மொசரெல்லா சுமார் 55 டிகிரிலயே இளக ஆரம்பிச்சுடும், செடார் மாதிரி கெட்டி சீஸுக்கு 65 கிட்ட வேணும், பார்மேசன் மாதிரி காஞ்ச சீஸுக்கு 80க்கு மேல போகணும். அதனால தவால மொசரெல்லா மட்டும் போட்டு, சின்ன தீல, தட்டு போட்டு மூடி, ஓரத்துல ரெண்டு சொட்டு தண்ணி தெளிச்சு ஆவி கட்டினா அழகா உருகிடும். மேல சிவப்பு புள்ளி மட்டும் வராது, அதுக்கு மேல இருந்து அனல் வேணும், அதை எதிர்பாக்காதீங்க. மொசரெல்லாவோட நாலுல ஒரு பங்கு செடார் கலந்தா ருசி ஏறும், அதுக்கு மேல கலந்தா எண்ணெய் மிதக்கும்.

பாக்கெட் வாங்கறப்ப பின்னாடி திருப்பி படிங்க. சேர்மானத்துல பாலுக்கு பதிலா தாவர எண்ணெய், பாமாயில்னு இருந்தா அது சீஸ் மாதிரி பண்ணினது, சீஸ் இல்ல. விலை கம்மியா இருக்கும், சூடா இருக்கறப்ப இழுவை கூட வரும், ஆனா ஆறினதும் நாக்குல மெழுகு ஒட்டின மாதிரி இருக்கும். பிறந்தநாளுக்கு இருபது பேருக்கு பண்ணணும்னு விலையை பாத்து எடுக்கறவங்க இதை தெரிஞ்சே எடுங்க, தெரியாம எடுக்காதீங்க.

இப்ப சீஸ் சாஸ், அதாவது மேக் அண்ட் சீஸ், வொயிட் சாஸ் பாஸ்தா வகை. இதுலதான் எனக்கு அதிக தடவை சொதப்பினது, அதனால இதை கொஞ்சம் விரிவா சொல்றேன். இங்க இழுவை எதிரி. மொசரெல்லாவை சாஸ்ல போட்டா அது கரையாது, கரண்டியை சுத்திக்கிட்டு ஒரு பந்தா திரண்டு நிக்கும், பால் தனியா நிக்கும். வேண்டியது கரையற சீஸ், அதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு செடார், ருசி அருமை, ஆனா பக்குவம் வேணும். வருஷக்கணக்கா பழுத்த செடார்ல புரதம் துண்டு துண்டா உடைஞ்சு போயிருக்கும், கொழுப்பை பிடிச்சு வெக்க அதுக்கு தெம்பு இருக்காது, அதனால சூடு அதிகமானா எண்ணெய் பிரிஞ்சு மேல வரும், அடில மணல் மாதிரி திப்பி திப்பியா நிக்கும். பழுக்காத இளம் செடார் அவ்ளோ சுலபமா பிரியாது. ஒரு ஸ்பூன் வெண்ணெய், ஒரு ஸ்பூன் மைதா வறுத்து ஒரு கப் பால் ஊத்தி கெட்டியானதும் அடுப்பை அணைச்சுடுங்க, அணைச்சதுக்கு அப்புறம்தான் நூறு கிராம் சீஸை கைப்பிடி கைப்பிடியா போட்டு கலக்கணும், அந்தச் சூடே போதும். மைதா எதுக்குன்னா அதுல இருக்கற மாவுச்சத்து கொழுப்பும் புரதமும் பிரிஞ்சு போகாம நடுவுல நின்னு காவல் காக்குது. சீஸ் போட்டப்புறம் ஒரு கொதி விட்டீங்கன்னா அவ்ளோதான், திரும்ப சேக்கறது கஷ்டம்.

ரெண்டாவது வழி பிராசஸ் சீஸ். இதுல சேத்திருக்கற உப்பே அந்த காவல் வேலையை பண்றதால கொதிச்சாலும் சட்டுனு பிரியாது, தக்காளி சேத்த சாஸ்ல கூட தாங்கும். ருசில ஆழம் கம்மி, அது உண்மை. நான் இப்ப பண்றது முக்கால் பங்கு செடார், கால் பங்கு பிராசஸ், அந்த கால் பங்கு மொத்த சாஸையும் பிடிச்சு நிறுத்திடுது, ருசியும் செடாரோடதா இருக்கு. ரெண்டு வருஷமா ஒரு தடவை கூட திரியல. அந்த பேக்டு பாஸ்தாவுக்கும் இதுதான் விடை, உள்ள இந்த சாஸ், மேல மொசரெல்லா, அது மேல கொஞ்சம் பார்மேசன் தூவி 200 டிகிரில பதினஞ்சு நிமிஷம், உள்ள குழைவு, மேல இழுவை, ஓரத்துல மொறுமொறுப்பு.

இலங்கைல சீஸ் கொத்துன்னு ஒண்ணு சாப்பிட்டிருப்பீங்க, அங்க நிறைய கடைல சீஸை மேல தூவி விடாம, பால் கொஞ்சம் ஊத்தி ரொட்டியோடவே கல்லுல கொத்தறப்ப கரைச்சு விடுவாங்க, ஒவ்வொரு துண்டுலயும் குழைவா ஒட்டும். இதுக்கும் கரையற சீஸ்தான், பிராசஸ் சீஸ் இல்லன்னா வட்ட டப்பால முக்கோணத் துண்டுகளா வர்ற ஸ்ப்ரெட் சீஸ். வீட்டுல கொத்து பரோட்டாவுக்கு மொசரெல்லா போட்டு பாத்தேன், கரண்டிலயும் கல்லுலயும் நூல் நூலா ஒட்டிக்கிச்சு, பரோட்டால ஒட்டல.

பார்மேசன் பத்தி ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். அது லேசுல உருகற சீஸ் இல்ல, அதை பெருங்காயம் மாதிரி நெனச்சுக்கோங்க, ரெண்டு ஸ்பூன் துருவல் மொத்த சாப்பாட்டையும் தூக்கிடும். குறைஞ்சது 12 மாசம் பழுக்க வெக்கறாங்க, அதுல ஈரம் வத்தி, புரதம் உடைஞ்சு குளுட்டமேட் சேரும், தக்காளிலயும் காளான்லயும் நமக்கு பிடிச்சுப்போற அதே ருசி. ஆனா இத்தாலில இருந்து வர்ற அசல் பார்மிஜானோ ரெஜானோவை கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற ரென்னெட் வெச்சுதான் பண்ணணும்னு அவங்க விதி. சைவம் சாப்பிடற வீட்டுக்கு இது சாதாரண விஷயம் இல்ல, என் மாமியார் ஆசையா வொயிட் சாஸ் பாஸ்தா சாப்பிடுவாங்க, அவங்க தட்டுல தெரியாம இதை போட்டுட்டா மனசு கேக்குமா. பச்சைப் புள்ளி இருக்கற பாக்கெட்டா பாத்து வாங்குங்க, காளான் மாதிரி பூஞ்சைல இருந்து எடுக்கற ரென்னெட்ல பண்ற அதே பாணி சீஸ் நம்ம நாட்டுலயே கிடைக்குது, சமைக்கறதுக்கு அது தாராளமா போதும். துருவின பொடி டப்பா வேண்டாம், துண்டா வாங்கி அப்பப்ப துருவுங்க, வாசனைல வித்தியாசம் தெரியும்.

துண்டா நிக்க வேண்டிய சமையல்னா நமக்கு பனீர் இருக்கறப்ப வேற எங்கயும் தேட வேண்டாம். எருமைப்பால் பனீர் கெட்டியா, வெட்டினா உடையாம இருக்கும், டிக்கா மாதிரி கம்பில குத்தறதுக்கு அதுதான். பசும்பால் பனீர் மெத்துனு இருக்கும், உதிரும், புர்ஜிக்கு அது போதும். வறுத்துட்டு போடறவங்க வறுத்த உடனே வெதுவெதுப்பான உப்புத்தண்ணில பத்து நிமிஷம் போட்டுட்டு குழம்புல சேருங்க, சவக்குன்னு ஆகாது. சைப்ரஸ் நாட்டு ஹலூமியும் கல்லுல போட்டா உருகாம சிவக்கும், ஆனா அதுல உப்பு தூக்கலா இருக்கும், கடிச்சா பல்லுல கீச்சுனு சத்தம் வரும், விலையும் அதிகம். ஹலூமி கேக்கற ரெசிபிக்கு உப்புத்தண்ணில ஊறின பனீர் ஓரளவுக்கு சமாளிக்கும். ஆனா ஃபெட்டாவுக்கு, அதாவது உப்பும் புளிப்புமா இருக்கற கிரீஸ் நாட்டு சீஸுக்கு, பதிலா பனீரை போட்டுடாதீங்க. பின்லாந்துல ஆரம்பிச்சு 2021ல உலகம் ஃபுல்லா பரவின அந்த தக்காளி ஃபெட்டா பாஸ்தா இருக்கே, ஓவன்ல வெந்த ஃபெட்டாவை தக்காளிச் சாறோட மசிச்சா க்ரீம் மாதிரி ஆகும், பனீர் மசிச்சா மசிச்ச பனீராதான் இருக்கும், அந்தப் புளிப்பும் வராது. அதுக்கு பதில் க்ரீம் சீஸும் கொஞ்சம் எலுமிச்சையும் போட்டா கிட்டத்தட்ட அந்த இடத்துக்கு வரும். லசான்யால வர்ற ரிக்கோட்டா மட்டும் விதிவிலக்கு, அதுவும் பனீர் மாதிரி உருகாத சீஸ்தான், மெத்தான பனீரை ரெண்டு ஸ்பூன் பால் விட்டு மிக்ஸில ஒரு சுத்து சுத்தினா வித்தியாசம் தெரியாது.

ஜம்மு பக்கம் உதம்பூர்ல கலாரின்னு ஒண்ணு விக்கறாங்க, வட்டமா அடை மாதிரி இருக்கும், அதை எண்ணெய் கூட இல்லாம கல்லுல போட்டா அதோட கொழுப்புலயே வெளிய மொறுமொறுனு சிவந்து உள்ள நூலா இழுக்கும். நிக்கறதும் இழுக்கறதும் ஒண்ணா வர்ற சீஸ் நம்ம நாட்டுலயே இருக்கு, ஆனா நம்ம ஊர் கடைல நான் பாத்ததில்ல, யாராவது அந்தப் பக்கம் போனா வாங்கிட்டு வாங்க.

எண்ணெய்ல பொரிக்கறதுக்கு, சீஸ் பால், சீஸ் வெச்ச மிளகாய் பஜ்ஜி மாதிரி, பிராசஸ் கியூப்தான் பத்திரம், உள்ள இளகும் ஆனா ஓடாது. மொசரெல்லா வெச்சா மாவுல ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் வெளிய கசிஞ்சு எண்ணெய் தெறிக்கும், குழந்தைங்க அடுப்பு பக்கத்துல நிக்கறப்ப இது ஆபத்து. மொசரெல்லாதான் வேணும்னா குச்சி குச்சியா வெட்டி, ரொட்டித்தூள் ரெண்டு தடவை பூசி, ஃப்ரீசர்ல ஒரு மணி நேரம் வெச்சு கல்லு மாதிரி ஆனதும் நல்ல சூடான எண்ணெய்ல ஒரு நிமிஷத்துல எடுத்துடுங்க.

டோஸ்ட், கிரில்டு சாண்ட்விச்சுக்கு பெருசா யோசிக்க வேண்டாம், ஸ்லைஸ் போதும், ரொட்டிக்கு ரொட்டி ஒட்டிக்கிட்டா சரி. ஆம்லெட்டுக்கும் அதேதான், மடிக்கறதுக்கு முன்னாடி துருவி போடுங்க. சூப் மேல ரொட்டி வெச்சு சீஸ் உருக்கற பிரெஞ்சு வெங்காய சூப்புக்கு க்ரூயேர்தான் முறை, சுவிஸ் சீஸ், இழுவையும் ருசியும் சேந்து வரும், இங்க விலை கட்டுப்படியாகாது. அந்த இடத்துல நான் கௌடா போடறேன். கொடைக்கானல்லயும் ஆரோவில்லயும் நல்ல சீஸ் பண்றாங்க, போறப்ப அங்க ருசி பாத்து சின்ன துண்டா வாங்கி வெச்சுக்கலாம்.

மாசத்துக்கு வாங்கறதுன்னா இப்ப எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல மூணுதான் நிரந்தரம், பிராசஸ் கட்டி ஒண்ணு, தண்ணி கம்மியான மொசரெல்லா 200 கிராம், பனீர். செடாரும் பார்மேசன் துண்டும் பாஸ்தா பண்ற மாசம் மட்டும். மொசரெல்லா பாக்கெட்டை பிரிச்சா சீக்கிரம் பூஞ்சை பிடிச்சுடும், அதனால பிரிச்ச அன்னைக்கே முழுசா துருவி, ஒரு தட்டுல பரத்தி ஃப்ரீசர்ல உறைய வெச்சு, அப்புறம் டப்பால கொட்டி வெச்சுடுங்க, கட்டியா ஒட்டாம உதிரி உதிரியா இருக்கும், வெளிய வெச்சு இளக விடாம நேரா பீட்சா மேல தூவலாம். பனீரை ஃப்ரீசர்ல வெச்சா மட்டும் எடுத்தப்புறம் பொரபொரன்னு ஆயிடும், வெச்சே ஆகணும்னா துண்டு போட்டு வெச்சு, சமைக்கறதுக்கு முன்னாடி வெந்நீர்ல அஞ்சு நிமிஷம் போடுங்க, டிக்காவுக்கு ஆகாட்டாலும் புர்ஜிக்கும் குருமாவுக்கும் ஆகும்.